செடி சுரக்கும் களைக்கொல்லி: யார் கையில், யாருக்காக?

பயிருக்குத் தெளிக்கும் நஞ்சைத் தமிழ் விவசாயி ‘மருந்து’ என்கிறார். மராத்தி விவசாயி ‘ஔஷத்’ என்கிறார். இரண்டுக்கும் பொருள் ஒன்றே. கட்சி ஆவணங்களைத் தமிழுக்குக் கொண்டுவரும் பணியில் இச்சொல்லை எப்படிப் பெயர்ப்பது என்ற கேள்வி அடிக்கடி எழும். ‘நஞ்சு’ என்று எழுதினால் மக்கள் பேச்சிலிருந்து விலகுகிறோம். ‘மருந்து’ என்று எழுதினால் விற்பவரின் சொல்லையே நாமும் வழிமொழிகிறோம். இப்போது அதனுடன் இன்னோர் அடைமொழியும் சேர்ந்துவிட்டது. ‘இயற்கைக் களைக்கொல்லி’, ‘உயிரிக் களைக்கொல்லி’ என்ற பெயர்கள் புனே வட்டாரத்திலும் தமிழ்நாட்டிலும் விவசாயிகளின் காதில் ஒருசேர விழுந்துகொண்டிருக்கின்றன.

இது குறித்து நம் தோழர்களிடையே இருவகைக் கருத்துகள் உள்ளன. பன்னாட்டு நிறுவனங்களின் ரசாயனத்துக்கு மாற்றாக இருப்பதால் செடியிலிருந்து பெறும் களைக்கொல்லியை நாம் ஆதரிக்க வேண்டும் என்பது ஒன்று. இதெல்லாம் பசுமூத்திர அரசியலின் மற்றொரு முகம், பேசத் தக்கதன்று என்பது மற்றொன்று. இரண்டும் அவசரக் கருத்துகள். செடிகள் பிற செடிகளை ஒடுக்கும் வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன என்பது ஐயமற நிறுவப்பட்ட அறிவியல். அந்தப் பொருள் செடியை விட்டு வெளியே வந்தபின் யாருக்குச் சொந்தமாகிறது, யார் உடலில் படுகிறது, யாருடைய வேலைநாளைக் குறைக்கிறது என்பவை அரசியல் கேள்விகள். இந்த அறிவியலைப் பொதுச் சொத்தாகக் கேட்டுப் பெறவும், ‘இயற்கை’ என்ற சொல்லை நற்சான்றிதழாக ஏற்க மறுக்கவும் நாம் கடமைப்பட்டுள்ளோம்.

புனேயின் குப்பைமேட்டில்

செடி சுரக்கும் களைக்கொல்லியைக் காண ஆய்வகத்துக்குப் போக வேண்டியதில்லை. புனே நகரின் காலி மனைகளிலும் ரயில் பாதையோரங்களிலும் சிறு வெள்ளைப் பூக்களோடு மண்டிக் கிடக்கும் பார்த்தீனியமே போதும். வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி இந்தியாவில் பரவத் தொடங்கிய இடமாக அறிவியல் பதிவுகள் சுட்டுவது புனேயைத்தான். நகரின் குப்பைமேடுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த இதனைப் பேராசிரியர் பரஞ்பே 1951இல் கண்டார் என்பர். 1956இல் ஆர்.எஸ். ராவ் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் இதனை இந்தியாவுக்குப் புதிய செடியாகப் பதிவு செய்தார். இன்று நாடெங்கும் சுமார் 3.5 கோடி எக்டேரில் இது பரவியிருப்பதாக ஒரு மதிப்பீடு கூறுகிறது. மகாராஷ்டிர மக்கள் இதன் இலையைக் கண்டு ‘காஜர் கவத்’, அதாவது கேரட் புல், என்று அழைத்தனர். ‘காங்கிரஸ் கவத்’ என்ற பெயரும் உண்டு. அப்பெயருக்குக் காரணம் பலவாறு சொல்லப்படுகிறது.

அமெரிக்காவின் பி.எல். 480 கோதுமையோடு இது வந்தது என்பது நம் மேடைகளிலும் அடிக்கடி ஒலிக்கும் செய்தி. தேதிகளை அடுக்கிப் பார்த்தால் இது நிற்பதில்லை. பி.எல். 480 சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது 1954 ஜூலையில். இந்தியா அதன்கீழ் முதல் ஒப்பந்தம் செய்துகொண்டது 1956 ஆகஸ்டில். அதற்கு முன்பே செடி புனேயில் முளைத்துவிட்டது. 1951இல் அமெரிக்கா அளித்த 19 கோடி டாலர் உணவுக் கடனில் வந்த தானியத்தோடு விதையும் வந்திருக்கலாம். வேறு வழியிலும் வந்திருக்கலாம். உணவு உதவியைக் கொண்டு அமெரிக்கா இந்தியாவை எப்படி நெருக்கியது என்பதை நிறுவ 1965-66 பஞ்ச காலத்தின் வரலாறே போதிய சான்று. களைச்செடியின் துணை அதற்குத் தேவையில்லை. வசதியான கதை என்பதற்காக ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தால், உண்மையான குற்றச்சாட்டும் அதனோடு சேர்ந்து வலுவிழக்கும்.

பார்த்தீனியத்தின் வலிமை எங்கிருக்கிறது? ஒரே செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கிறது. அத்துடன் அதன் இலையிலும் தண்டிலும் உள்ள நுண்ணிய மயிர்களில் பார்த்தெனின் என்ற கசப்புப் பொருள் உள்ளது. மழை அதனைக் கழுவி மண்ணில் சேர்க்கிறது. உதிர்ந்து மட்கும் இலையும் அதனைச் சேர்க்கிறது. இன்னும் சில பீனாலிக் அமிலங்களும் உடன் சேர்கின்றன. சுற்றியுள்ள புற்களின், பயறுவகைகளின் விதைமுளைப்பும் வேர் வளர்ச்சியும் குன்றுகின்றன. மேய்ச்சல் நிலத்தில் மாடு தின்னும் புல் அற்றுப்போய் மாடு தீண்டாத செடி மட்டும் மிஞ்சுகிறது. அதாவது, பார்த்தீனியம் தனக்கான களைக்கொல்லியைத் தானே தயாரித்துத் தானே தெளித்துக்கொள்கிறது.

அதே பொருள் மனிதத் தோலில் பட்டால் கடும் ஒவ்வாமைத் தோல் அழற்சியை உண்டாக்கும். முகம், இமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்கள் தடித்துக் கறுத்து வெடிக்கும். செடியின் தூளும் மகரந்தமும் காற்றில் வந்தாலே சிலருக்குப் பாதிப்பு வரும். மூச்சிரைப்பும் உண்டு. 1970களிலேயே புனே நோயாளிகளைப் பற்றிய மருத்துவக் கட்டுரைகள் வெளிவந்துள்ளன. வயலிலும் வரப்பிலும் இச்செடியை வெறுங்கையால் பிடுங்குவோர் பெரும்பாலும் கூலிப் பெண்கள். அவர்களுக்குக் கையுறை தரும் நிலவுடைமையாளர் அரிது. ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால் அது வாழ்நாள் முழுதும் தொடரக்கூடும்.

பார்த்தெனின் முற்றிலும் இயற்கையானது. எந்தத் தொழிற்சாலையிலும் பிறக்கவில்லை. ‘இயற்கை’ என்ற சொல் ஒரு பொருள் எங்கே பிறந்தது என்பதைத் தெரிவிக்கும், அது தீங்கற்றது என்பதைத் தெரிவிக்காது. புனே நமக்குத் தரும் முதல் பாடம் இது.

செடி செடியைக் கொல்லும் விதம்

ஒரு செடி தன் வேதிப்பொருளால் மற்றொன்றின் வளர்ச்சியைப் பாதிக்கும் இயல்புக்கு 1937இல் ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஹான்ஸ் மோலிஷ் ‘அல்லெலோபதி’ என்று பெயரிட்டார். பெயர் புதியது, அவதானிப்பு பழையது. வால்நட் மரத்தடியில் பிற செடிகள் செழிக்காமை ஐரோப்பாவில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குறிக்கப்பட்டது. கருவால்நட் மரத்தில் அதற்குக் காரணமான பொருள் ஜுக்லோன் என்பது பின்னர் தெரியவந்தது.

இப்பொருள்கள் வேலை செய்யும் விதம் பலவகைப்பட்டது. நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு சோளம். சோள வேரின் நுண்மயிர் நுனிகளில் சோர்கோலியோன் என்ற எண்ணெய் போன்ற பொருள் துளித்துளியாகக் கசிகிறது. இதனை 1986இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பிரித்தறிந்தனர். இது சிறு களைநாற்றின் ஒளிச்சேர்க்கையில் எலக்ட்ரான் கடத்தப்படும் சங்கிலியை ஓரிடத்தில் அடைக்கிறது. அட்ரசின் என்ற செயற்கைக் களைக்கொல்லி அடைப்பதும் அதே இடத்தைத்தான். ஒளியிலிருந்து உணவு செய்ய முடியாத நாற்று பட்டினியால் சாகிறது.

கிராம்பு எண்ணெய், எலுமிச்சை வகைத் தோலெண்ணெய், பெலர்கோனிக் அமிலம் போன்றவற்றின் வழி வேறு. அவை இலையின் மெழுகுப் படலத்தைக் கரைத்து உயிரணுச் சவ்வை உடைக்கின்றன. சில மணி நேரத்தில் இலை கருகும். பார்ப்பவருக்கு வியப்பாக இருக்கும். ஆனால் அவை தொட்ட இடத்தை மட்டுமே கருக்கும், வேருக்குள் இறங்கா. கோரை, அறுகு போன்றவை சில நாள்களில் மீண்டும் தலைகாட்டும். ஏக்கர் ஒன்றுக்குத் தேவைப்படும் அளவும் மிக அதிகம். இளங்களைக்குப் பயன்படும் இப்பொருள்களை முற்றிய களைக்கும் தீர்வென்று விற்பது ஏமாற்று.

மூன்றாவது வகையில், செடியின் பொருள் நேரே வயலுக்கு வருவதில்லை. அதன் அமைப்பைப் பார்த்து வேதியியலாளர் புதியதொன்றைச் செய்கிறார். இதில்தான் உடைமைக் கேள்வி தொடங்குகிறது.

பூங்காச் செடியிலிருந்து காப்புரிமை வரை

நம் நகரப் பூங்காக்களில் சிவப்புப் புட்டித் தூரிகை போலப் பூக்கும் ‘பாட்டில் பிரஷ்’ மரத்தை எல்லோரும் பார்த்திருப்போம். ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்டது. 1977இல் கலிபோர்னியாவில் ஸ்டாஃபர் என்ற ரசாயன நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் இதன் அடியில் களைகள் குறைவாக இருப்பதைக் கவனித்தார். மண்ணை எடுத்துச் சோதித்ததில் லெப்டோஸ்பெர்மோன் என்ற பொருள் அகப்பட்டது. அது களையின் இலைகளை வெளுக்கச் செய்தது. இலைப் பச்சையத்தை வெயிலிலிருந்து காக்கும் மஞ்சள் நிறமிகள் உண்டாவதற்குத் தேவையான ஒரு நொதியை அது முடக்குவது பின்னர் தெளிவாயிற்று. காப்பில்லாத பச்சையம் சிதைந்து செடி வெள்ளையாகி மடிகிறது.

செடியிலிருந்து எடுத்த பொருளுக்கு வலிமை குறைவு. நிறுவன வேதியியலாளர்கள் அதன் வார்ப்பில் பல மூலக்கூறுகளை அடுத்தடுத்துச் செய்து பார்த்தனர். அவ்வழியில் பிறந்ததே மெசோட்ரியோன். 2001இல் சின்ஜெண்டா நிறுவனம் அதனை மக்காச்சோள வயல்களுக்காகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று இந்தியாவிலும் விற்பனையாகிறது.

இதில் வேதியியலாளரின் உழைப்பு உண்மையானது. அதை இகழ வேண்டியதில்லை. ஆனால் முடிவைக் கவனிப்போம். மரம் யாருக்கும் சொந்தமில்லாதது. அதன் அடியில் களை முளைப்பதில்லை என்பதும் யாரும் காணக்கூடிய உண்மை. காப்புரிமை பெற்ற மூலக்கூறு மட்டும் ஒரு நிறுவனத்தின் தனிச்சொத்தாயிற்று. வேம்பிலும் மஞ்சளிலும் இதே முயற்சி இன்னும் வெளிப்படையாக நடந்தது. மஞ்சளின் புண்ணாற்றும் பண்புக்கு அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமை இந்திய அறிவியல், தொழிலக ஆய்வுக் குழுமத்தின் வழக்கால் 1997இல் நீக்கப்பட்டது. வேம்பின் பூஞ்சைக்கொல்லிப் பண்புக்கு ஐரோப்பாவில் வழங்கப்பட்டது 2000இல் நீக்கப்பட்டு, 2005இல் மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பு உறுதியாயிற்று. இவை எதிர்த்துப் போராடியதால் கிடைத்தவை. ஆனால் இவ்வகை வெற்றிக்கு ஓர் எல்லை உண்டு. செடியின் பழைய பயன்பாட்டுக்குக் காப்புரிமை கோரினால் தடுக்கலாம். செடியைப் பார்த்து உருவாக்கிய புதிய மூலக்கூறுக்குக் கோரினால் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை. எனவே அத்தகைய மூலக்கூறுகளைக் கண்டறியும் வேலை பொது ஆய்வகங்களில் நடக்கிறதா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அந்தத் திறன் நம்மிடம் இருந்தது. 1950இல் புனேயில் தொடங்கப்பட்ட தேசிய வேதியியல் ஆய்வகத்தில், 1960களில் சுக் தேவ் தலைமையில் செடிகளின் டெர்பீன் வகைப் பொருள்கள் குறித்து உலகம் மதித்த ஆய்வுகள் நடந்தன. பார்த்தெனினும் டெர்பீன் குடும்பத்தைச் சேர்ந்ததே. பூச்சிக்கொல்லி செய்ய ஒன்றிய அரசு 1954இல் நிறுவிய இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் நிறுவனத்தின் ஆலை ஒன்று புனேயிலிருந்து மும்பை செல்லும் வழியில் ரசாயனியில் அமைந்தது. அறிவும் ஆலையும் பொதுத்துறையில் அருகருகே இருந்தன. இரண்டையும் இணைக்கும் கொள்கை தாராளமயத்துக்குப் பின் அரசின் அக்கறையாக இல்லை.

புட்டியில் அடைக்க முடியாத அறிவு

செடியின் வேதியியலை விவசாயி காசு கொடுக்காமல் பயன்படுத்தும் வழிகளும் உண்டு. பாகிஸ்தானின் பைசலாபாத் வேளாண் பல்கலைக்கழகத்தார் முற்றிய சோளத் தட்டையை நறுக்கி நீரில் ஊறவைத்து, வடித்த சாற்றைக் கோதுமை வயலில் தெளித்துப் பார்த்தனர். களையின் எடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்ததாகப் பதிவு செய்துள்ளனர். கடைக் களைக்கொல்லியின் அளவுக்கு அது வேலை செய்யாது. ஆனால் கடைக் களைக்கொல்லியைப் பாதியாகக் குறைத்து இச்சாற்றோடு சேர்த்துத் தெளிக்கும் முறைகளையும் அவர்கள் ஆராய்ந்தனர். எல்லைக்கு அப்பால் நடந்த வேலை என்பதால் நமக்கு அது அயலாகிவிடாது. அங்கும் தட்டை விவசாயியின் சொந்தத் தட்டைதான்.

புனே, சோலாப்பூர், அகில்யாநகர் (முன்பு அகமத்நகர்) மாவட்டங்களின் வறண்ட வட்டங்கள் ரபி பருவச் சோளத்தின் நாடு. மக்களின் அன்றாட உணவு அந்தச் சோள ரொட்டி. மாட்டுக்குத் தீவனமும் அதன் தட்டையே. பாராமதி, இந்தாபூர், தவுண்ட் வட்டங்களில் பாசனத்தோடு கரும்பு பரவியபோது சோளம் பின்வாங்கியது. கரும்பு மீண்டும் மீண்டும் ஒரே நிலத்தில் நிற்பது. சோளம் பயிர்ச் சுழற்சியில் செய்த களைக்கட்டுப்பாட்டின் ஒரு பகுதியைக் கரும்பு வயலில் அட்ரசின் புட்டி செய்கிறது. சர்க்கரை ஆலைகளின் அரசியலும் களைக்கொல்லியின் விற்பனையும் இப்படி ஒரே நிலத்தில் சந்திக்கின்றன.

பார்த்தீனியத்துக்கு எதிராகவும் செடியே பயன்பட்டது. சென்னா யூனிஃப்ளோரா என்ற சிறு ஆவாரைக் குடும்பச் செடி பார்த்தீனியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வதை மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் ஆய்வாளர்கள் கண்டனர். தமிழில் தகரை என்றும் மராத்தியில் டாக்ளா என்றும் வழங்கும் செடியும் அவ்வாறே பரிந்துரைக்கப்படுகிறது. மழைக்கு முன் இவற்றின் விதையைத் தூவினால் அடுத்தடுத்த ஆண்டுகளில் பார்த்தீனியம் குறையும். டாக்ளாவின் இளங்கீரையை மகாராஷ்டிரத்தின் ஆதிவாசிகளும் உழைக்கும் மக்களும் மழைக்காலத்தில் சமைத்து உண்கின்றனர். இவை வேர்க்கசிவால் பார்த்தீனியத்தை ஒடுக்குகின்றனவா, அடர்ந்து வளர்ந்து நிழலால் ஒடுக்குகின்றனவா என்று பிரித்தறிவது எளிதன்று. இரண்டும் சேர்ந்தே நடக்கக்கூடும். 1984இல் மெக்சிகோவிலிருந்து தருவித்த வண்டு ஒன்றும் பெங்களூருவில் விடப்பட்டது. பார்த்தீனிய இலையைத் தின்னும் அந்த வண்டு பின்னர் பல மாநிலங்களுக்குப் பரவியது.

இவ்வழிகளில் குறைகளும் உண்டு. சோளத் தட்டை மிகுந்த மண்ணில் அடுத்த பயிரின் முளைப்பும் குன்றலாம். சென்னா யூனிஃப்ளோராவும் அயல்நாட்டுச் செடியே, அதுவும் மண்டக்கூடும். வண்டு மழைக்காலத்தில் மட்டுமே வேலை செய்யும். ஆகவே ஒவ்வொரு வட்டாரத்திலும் மண்ணுக்கும் பயிருக்கும் ஏற்பச் சோதித்துப் பார்க்க வேண்டும். விதையைத் தூவுவதிலும் தட்டையை ஊறவைப்பதிலும் விற்கத்தக்க சரக்கு எதுவுமில்லை என்பதால் எந்த நிறுவனமும் இச்சோதனைக்குப் பணம் தராது. அரசின் வேளாண் பல்கலைக்கழகமும் விரிவாக்க ஊழியரும்தான் செய்ய வேண்டும். அங்கே பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடந்தால் விவசாயிக்கு ஆலோசனை சொல்பவர் உரக்கடைக்காரர் ஒருவரே.

இரு கடைகள்

இன்று ஒருபுறம் ரசாயனக் கடை. கிளைபோசேட்டை 2015 மார்ச்சில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள் என வகைப்படுத்தியது. அமெரிக்க, ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்புகள் அதனை ஏற்கவில்லை. விவாதம் தொடர்கிறது. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு, பயிற்சி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர் வழியாக மட்டுமே அதனைப் பயன்படுத்தலாம் என்று அறிவிக்கை வெளியிட்டது. இரண்டு ஏக்கர் விவசாயி அப்படி ஒருவரை எங்கே தேடுவார்? 2020 மே மாதம் 27 நஞ்சுகளைத் தடை செய்ய வரைவு வந்தது. அட்ரசினும் 2,4-டியும் அப்பட்டியலில் இருந்தன. இறுதியில் தடைக்குள்ளானவை ஒரு சிலவே. அவ்விரண்டும் விற்பனையில் தொடர்கின்றன. 2017இல் யவத்மாள் மாவட்டப் பருத்தி வயல்களில் பூச்சிக்கொல்லி தெளித்தவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர், நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தனர். தெளித்தவர்களுள் பலர் கூலித் தொழிலாளர்கள்.

மறுபுறம் இயற்கைக் கடை. 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை 2,481 கோடி ரூபாய் மதிப்பில் தேசிய இயற்கை வேளாண் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. ரசாயனத்தைக் குறைக்கும் நோக்கத்தை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் பசுவின் சாணமும் மூத்திரமுமே மண்ணின் எல்லாக் குறைக்கும் தீர்வென்று சொல்வதும், ஆய்வு கேட்போரை மரபின் எதிரி என்பதும் அறிவியலாகா. மூத்திரம், சுண்ணாம்பு, சமையல் உப்பு கலந்த கரைசலை ‘இயற்கைக் களைக்கொல்லி’ என்று பரப்புகின்றனர். பயிர் நிலத்தில் உப்பைத் தொடர்ந்து ஊற்றினால் களையோடு மண்ணும் கெடும். ‘உயிரி’ என்ற பெயரில் பதிவின்றி விற்கும் புட்டிகளில் செயற்கை நஞ்சு கலந்திருப்பது சோதனைகளில் தெரியவந்ததும் உண்டு. இருவகை வணிகத்தையும் ஒழுங்குபடுத்த இன்றும் நம்மிடம் இருப்பது 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம்தான்.

களைபறிக்கும் கை

புறநானூற்றில் வயலில் நெய்தலையும் ஆம்பலையும் களையாகப் பறிக்கும் பெண்கள் வருகின்றனர். புலவர் அவர்களைக் ‘கடைசியர்’ என்று குறிக்கிறார். உழவர் குலப் பெண்கள் என்று உரையாசிரியர்கள் பொருள் எழுதினர். ஈராயிரம் ஆண்டுகள் கடந்தும் அவ்வேலை அதே கைகளில் இருக்கிறது. தஞ்சையில் நடவுக்கும் களைபறிப்புக்கும் செல்பவரும், புனே வட்டாரத்தில் ‘குர்ப்பே’ என்னும் வளைந்த சிறு கருவியோடு நாள்முழுதும் குந்தியிருந்து களை கொத்துபவரும் பெண்களே. அவர்களுள் தலித், ஆதிவாசிப் பெண்கள் மிகுதி. ஆண்களைவிடக் குறைந்த கூலி. முதுகும் முழங்காலும் தேயும் வேலை.

நம் இயக்கத்துக்கு உள்ளேயே ஒரு முரண்பாடு இங்கே நிற்கிறது. சிறு விவசாயிக்குக் களையெடுக்கும் கூலி பெருஞ்செலவு. விளைபொருளுக்குக் கட்டுப்படியான விலை கிடைக்காதபோது அவர் குறைக்கக்கூடிய செலவு கூலி ஒன்றே. ஒரு புட்டி களைக்கொல்லி பலநாள் கூலியை மிச்சப்படுத்துகிறது. அந்த மிச்சம் முழுவதும் ஒரு கூலிப் பெண் இழந்த வேலைநாள்கள். விவசாயிகள் சங்கத்தில் ஒன்றும் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் வேறொன்றும் பேசி இதைக் கடந்துவிட முடியாது. செடியிலிருந்து பெற்ற களைக்கொல்லி வந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. வலிமையான இயற்கைக் களைக்கொல்லி நாளை கண்டுபிடிக்கப்பட்டால், அவள் தோலுக்கு ஒருவேளை நன்மை. அவள் வருமானத்துக்கு நிச்சயம் இழப்பு.

அதற்காக, குந்தியிருந்து களை கொத்தும் வேலை என்றென்றும் நீடிக்க வேண்டும் என்று நாம் கேட்க முடியாது. இயந்திரம் வேறு, மூலதனம் அதனைப் பயன்படுத்தும் முறை வேறு என்று மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் பிரித்துக் காட்டினார். தொழிலாளி அந்த வேறுபாட்டைக் கற்றுக்கொள்ளக் காலமும் அனுபவமும் தேவைப்பட்டன என்றும் அவர் குறித்தார். களைக்கொல்லிக்கும் அது பொருந்தும். வேலையை எளிதாக்கும் அறிவு வரட்டும். அதன் பலனில் உழைப்பவளுக்குப் பங்கு எங்கே என்று கேட்பதே நம் வேலை.

நம் கோரிக்கைகள்

முதலாவது, செடிவழிக் களைக்கட்டுப்பாட்டுக்கான ஆய்வு பொது நிதியில், பொது ஆய்வகங்களில் நடக்க வேண்டும். அதன் முடிவுகள் காப்புரிமையின்றி விவசாயிக்குக் கிடைக்க வேண்டும். புனேயின் வேதியியல் ஆய்வகமும், ராகுரி, கோவை வேளாண் பல்கலைக்கழகங்களும், ஜபல்பூரில் உள்ள களை ஆய்வு இயக்ககமும் சேர்ந்து செய்யத்தக்க வேலை இது. விரிவாக்க ஊழியர் பணியிடங்களை நிரப்பாமல் இது வயலைச் சேராது.

இரண்டாவது, இயற்கையானதாயினும் செயற்கையானதாயினும் ஒவ்வொரு களைக்கொல்லிக்கும் ஒரே வகை நச்சுச் சோதனையும் பதிவும் வேண்டும். புட்டியில் என்ன இருக்கிறது என்பது அந்தந்த மாநில மொழியில், படிக்கத்தக்க எழுத்தில் இருக்க வேண்டும். தெளிப்பவருக்குக் கையுறை, முகக்கவசம், மருத்துவச் சோதனை ஆகியவற்றை விற்கும் நிறுவனத்தின் செலவில் வழங்கச் செய்ய வேண்டும். யவத்மாளுக்குப் பிறகும் இதைக் கேட்காதிருப்பது குற்றம்.

மூன்றாவது, பார்த்தீனிய ஒழிப்பை வேலையுறுதித் திட்டத்தின் பணியாக்க வேண்டும். கிராமப்புற வேலைக்கு 1977இலேயே தனிச் சட்டம் இயற்றிய மாநிலம் மகாராஷ்டிரம். பூக்கும் முன் செடியை அகற்றுவது, அவ்விடத்தில் தகரை போன்றவற்றை விதைப்பது, மேய்ச்சல் நிலத்தை மீட்பது ஆகியவை ஆண்டுதோறும் நடக்க வேண்டிய பொதுப்பணிகள். களைக்கொல்லியால் வயலில் வேலை இழக்கும் பெண்களுக்கு இது சம கூலியில், உரிய பாதுகாப்புக் கருவிகளோடு கிடைக்க வேண்டும். வெறுங்கையோடு அவர்களைச் செடியிடம் அனுப்பும் திட்டம் எதுவாயினும் நாம் எதிர்க்க வேண்டும்.

நான்காவது, விளைபொருளுக்குக் கட்டுப்படியான விலையும் விவசாயத் தொழிலாளருக்கு உயர்ந்த குறைந்தபட்சக் கூலியும் ஒரே கோரிக்கைப் பட்டியலில், ஒரே மேடையில் எழ வேண்டும். விலை இல்லாத விவசாயி கூலியைக் குறைப்பார். கூலி இல்லாத தொழிலாளி ஊரை விட்டுச் செல்வார். இருவருக்கும் இடையே புட்டியை விற்பவர் மட்டும் நட்டமடைவதில்லை.

தமிழில் ‘களை’ என்பது பெயராகவும் வினையாகவும் வழங்கும் சொல். எது களை, எதனைக் களைய வேண்டும் என்பதை விற்பனையாளரோ, பசுவின் பெயரால் ஓட்டுக் கேட்பவரோ முடிவு செய்ய விடலாகாது. வரும் மழைக்காலத்துக்கு முன் ஒவ்வொரு கிளையும் தன் ஊரில் என்ன புட்டி விற்கிறது, யார் தெளிக்கிறார்கள், யாருக்கு வேலை போயிற்று என்ற மூன்று விவரங்களையாவது திரட்டட்டும். கோரிக்கை மனுவை அவற்றிலிருந்து எழுதத் தொடங்குவோம், தோழர்களே.